முறியாத வுளூ

சகோதரிகளே, நான் எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விடயம். கூடத்தில் வாப்பாவும் மருமகனும் இருக்கும்போது இதை வாய்விட்டு வாசிக்கத் தயங்குவீர்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. என் உம்மாவுக்கு என்னைவிட அதிகமாக இருந்தது. அந்தத் தயக்கம்தான் 2015 ஆம் ஆண்டு ரமழானில் உம்மாவைக் கபுறடி வரை கொண்டுபோனது. அல்லாஹ்வின் கிருபையால் திரும்பி வந்தார். எல்லா வீட்டிலும் அப்படித் திரும்பி வருவதில்லை என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

எங்கள் வீடு காத்தான்குடியில், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த வருடம் நோன்பு ஜூன் மாத நடுப்பகுதியில் பிறந்தது. எங்கள் பக்கத்தில் அது கச்சான் காற்று வீசும் காலம். படுவான்கரை வெளிகளைக் கடந்து, வாவியின் மேலாக வரும் அந்த வரண்ட காற்று உதட்டை வெடிக்க வைக்கும். கொடியில் போட்ட சீலை ஒரு யாஸீன் ஓதி முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்று உம்மா சொல்வார்.

உம்மாவுக்கு அப்போது 62 வயது. பல வருடங்களாகச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்து வருவார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு என்பதால் உம்மா என்னோடுதான் இருந்தார். நோன்பு பிடிக்கலாமா என்று கிளினிக்கில் கேட்கச் சொன்னேன். "கேட்டா பிடிக்க வேணாம் எண்டு சொல்லிப் போடுவாங்க மகள்" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்.

தறாவீஹில் நின்று நின்று முழங்கால் நோவெடுத்தது. யாரோ ஒரு சாச்சி சொன்னாராம், நோவுக் குளிசை போட்டால் பட்டென்று நிற்குமென்று. கடையில் வாங்கி, நோன்பு திறந்த பிறகு ஒன்றும் ஸஹரில் ஒன்றுமாகப் போட்டு வந்தார். அது டைக்ளோபெனக் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முழங்கால் நோ குறைந்தது. உம்மாவுக்கு அதில் பெரிய சந்தோஷம்.

பதினைந்தாம் நோன்பன்று சொந்தக்கார வீடொன்றில் நோன்பு திறந்துவிட்டு வந்தோம். அன்றிரவே உம்மாவுக்கு வயிற்றோட்டம். ஜீவனிப் பக்கெற்றைக் கரைத்துக் கொடுத்தேன். அரைக் கிளாஸ் குடித்துவிட்டு, போதும் என்று வைத்துவிட்டார். விடிந்ததும் நோன்பை விடச் சொன்னேன். "பாதி நோன்பு பிடிச்சிட்டன், இனி விடுறதா?" என்றார். பிரஷர்க் குளிசை, சீனிக் குளிசை, நோவுக் குளிசை எதையும் நிறுத்தவில்லை. வயிறு மட்டும் அன்று முழுக்க ஓடியது. மறுநாள் பகலில் அதுவும் நின்றுவிட்டது. சுகம் வந்துவிட்டதென்று நினைத்தோம்.

அந்த இரவு தறாவீஹ் முடித்து உட்கார்ந்த உம்மா, களைப்போடும் ஒரு பெருமையோடும் சொன்னார்: "இண்டைக்கு ளுஹருக்கு எடுத்த வுளூ மகள், இன்னும் முறியல்ல. அதோடயே இஷாவும் தொழுதிட்டன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாஷா அல்லாஹ்" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை நினைத்து நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மத்தியானம் 12 மணி முதல் இரவு 9 மணி தாண்டும்வரை ஒரு மனுஷிக்கு வுளூ முறியவில்லை என்றால், அவர் ஒன்பது மணித்தியாலமாகச் சலம் கழிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதுவும் நோன்பு திறந்து, கஞ்சியும் தண்ணீரும் குடித்த பிறகும்! அது எனக்கு உறைக்கவில்லை. பேணுதலின் அடையாளமாகவே தெரிந்தது.

அடுத்த நாளும் உம்மா நோன்பு. பகலெல்லாம் படுத்தே கிடந்தார். நோன்பு திறந்ததும் வயிற்றைக் குமட்டுகிறது என்று கஞ்சியைத் தள்ளிவிட்டார். ஸஹருக்கு எழுப்பப் போனபோது இரண்டு முறை சத்தி எடுத்தார். மூச்சு நீளமாக, ஆழமாக வந்துகொண்டிருந்தது. என் பெயரைத் தங்கச்சியின் பெயராக மாற்றிக் கூப்பிட்டார். சூடு ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டார் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அதையும் பருக்கினோம். அந்த நேரத்தில் அது எவ்வளவு ஆபத்தென்று யாருக்குத் தெரியும்? விடியுமுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே நின்ற டொக்டர் ஓர் இளம்பெண். உம்மாவின் நாக்கைப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அம்மா கடைசியா எப்ப சலம் போனவ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உம்மா எத்தனை நோன்பு பிடித்தார், எத்தனை ஜுஸ்உ ஓதினார், என்ன கறிக்கு ஆசைப்பட்டார் என்று கேட்டால் சொல்லியிருப்பேன். தங்கச்சியைப் பார்த்தேன், அவளும் விழித்தாள். அப்போதுதான் அந்த வுளூவின் ஞாபகம் வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குழாய் போட்டுப் பார்த்தார்கள். பிளேன்டீ நிறத்தில், ஒரு கோப்பையின் அடியை நனைக்கும் அளவுதான் வந்தது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு, ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, ஏழைத் தாண்டியிருந்தது. ஐந்துக்குள் நிற்க வேண்டிய பொற்றாசியம் ஆறரைக்கு மேல். "கிட்னி ரெண்டும் வேலைய நிப்பாட்டியிருக்கு" என்றார் டொக்டர். பத்து வருடமாக மெல்ல மெல்லப் பழுதாகும் நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று நாளில் இப்படி நடக்குமென்று கனவிலும் நினைக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை அவர் பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் விளங்கிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. அதில் கிட்டத்தட்ட முழுவதையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மட்டும் கழிவோடு சேர்த்து வெளியே அனுப்புகின்றன. வயிற்றோட்டத்தில் தண்ணீர் போய்விட்டால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறையும். அது தன் இரத்தக் குழாய்களைச் சரிசெய்து ஒருவாறு சமாளிக்கப் பார்க்கும். நோவுக் குளிசை அந்தச் சமாளிப்பைத் தடுத்துவிடுகிறது. பிரஷருக்குக் கொடுக்கும் சில குளிசைகளும், நீரை வெளியேற்றும் குளிசையும் அதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தனித்தனியே நல்ல மருந்துகள்தான். தண்ணீர் வற்றிய உடம்பில் மூன்றும் கூடியதுதான் வினை. அதற்கு மேல் கச்சான் காற்றும் பதின்மூன்று மணிக்கு மேற்பட்ட நோன்பும்.

அதற்காகக் கிளினிக் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வயிற்றோட்டமோ சத்தியோ தொடங்கிய அன்றே வைத்தியரிடம் போய், "இந்தக் குளிசைகள் போடுகிறேன், இப்போது எதை நிறுத்துவது?" என்று கேளுங்கள். நோவுக் குளிசையை மட்டும் வைத்தியர் சொல்லாமல் தொடவே வேண்டாம். சீனி, பிரஷர் உள்ளவர்கள் இதை நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

சலம் எவ்வளவு குறைந்தால் ஆபத்து? வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் முழுதும் சேர்த்து 400 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் அது நோயின் அடையாளம் என்பது வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது இரண்டு கிளாஸ் அளவு. 100 மில்லிலீற்றருக்கும் குறைந்தால் சிறுநீரகம் ஏறக்குறைய நின்றுவிட்டது, அல்லது வழி அடைபட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காக அளப்பார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லிலீற்றராவது வர வேண்டும்.

வீட்டில் யாரும் அளந்துகொண்டிருக்க மாட்டோம். ஆனால் எண்ணிக்கொள்ளலாம், நிறத்தைப் பார்க்கலாம். நோன்பாளிக்கு அஸர் நேரத்தில் சலம் குறைவதும் மஞ்சளாவதும் இயல்பு. நோன்பு திறந்து நன்றாகத் தண்ணீர் குடித்த சில மணித்தியாலத்தில் அது தெளிந்து வர வேண்டும். படுக்கப் போகும் நேரமாகியும் வரவில்லை என்றால் அதை நோன்புக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சுகமில்லாத ஒருவர் ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கூடவே சத்தி, மூச்சு வாங்குதல், முகமும் காலும் வீங்குதல், தூக்க மயக்கம், உளறல் இருந்தாலோ, சலம் தேயிலைச் சாயம் போலிருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்னொன்று. சலம் வராவிட்டால் குடம் குடமாகத் தண்ணீரும் பார்லியும் குடிக்கக் கொடுப்பது நம் வழக்கம். உடம்பு வற்றிய ஆரம்பத்தில் ஜீவனி போன்றவை உயிர் காக்கும். ஆனால் சிறுநீரகம் நின்றுவிட்ட பிறகு குடிக்கும் தண்ணீர் போக வழியில்லாமல் நெஞ்சில் கட்டும். இளநீரில் பொற்றாசியம் அதிகம். அது வெளியேறாமல் இரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பே நின்றுவிடலாம். நாங்கள் அன்பாகக் கொடுத்த செவ்விளநீர் உம்மாவுக்கு அந்த நேரம் விஷம். நட்சத்திரப்பழச் சாறும் அப்படித்தான். சீனிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடுகிறது.

அடிவயிறு புடைத்து, நோவெடுத்து, முட்டிக்கொண்டு வந்தும் வெளியே வரவில்லையென்றால் அது வேறு வகை. சலம் உண்டாகிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது. கல்லாக இருக்கலாம். வயதான ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம். அதற்கும் ஆஸ்பத்திரிதான் வழி. தண்ணீர் குடித்துக் குடித்து முட்ட வைப்பது வழியல்ல.

உம்மாவுக்கு மூன்று தடவை டயலிசிஸ் செய்தார்கள். கட்டிலருகே அந்த இயந்திரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் கதையை ஒரு தாதி சொன்னார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஜெர்மனியர் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தில், வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் 1943இல் இதை முதன்முதலாகச் செய்தாராம். இறைச்சிப் பண்டம் அடைக்கும் செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டார். ஆரம்பத்தில் அவரிடம் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். அவர் கைவிடவில்லை. 1945இல் மயங்கிக் கிடந்த 67 வயதுப் பெண்ணொருவர் கண் திறந்தார். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு மனிதர் பட்ட பாடு, என் உம்மாவின் கட்டிலருகே வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் ஸுபஹுக்குப் பிறகு தங்கச்சி அழைப்பெடுத்தாள். குரல் நடுங்கியது. "ராத்தா, பை நிறையுது! மஞ்சளா, தெளிவா வருது!" இருவரும் தொலைபேசியில் அழுதோம். சலப் பை நிறைந்ததற்காக ஷுக்ருடைய ஸுஜூது செய்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனாலும் உம்மாவின் சிறுநீரகங்கள் முழுதாகத் திரும்பவில்லை. பாதிக்கும் குறைவான பலத்தோடுதான் வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஓட்டமாவடிப் பக்கத்திலுள்ள எங்கள் பெரியம்மா ஒருவரின் ஞாபகம் அடிக்கடி வரும். 2008ஆம் ஆண்டு நாட்டில் எலிக்காய்ச்சல் பரவி, 7,000 பேருக்கு மேல் சந்தேகத்தின் பேரில் பதிவானார்கள். எலியின் சலம் கலந்த வயல் நீரில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் வெடிப்பு வழியாகத் தொற்றும் கிருமி அது. பெரியம்மாவின் மகன் வயலிலிருந்து காய்ச்சலோடு வந்தான். கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாத நோ. எல்லோரும் உடம்பு அலுப்பென்றார்கள். பெரியம்மா மட்டும், "விடிஞ்சதிலிருந்து கொல்லைப் பக்கம் வாளிச் சத்தம் கேட்கல்ல, புள்ள சலம் போகல்ல" என்று அடம்பிடித்து அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டான். அவர் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். நான் உயர்தரம் வரை படித்தவள். அவர் காது கொடுத்துக் கேட்டார், நான் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விதைப்புக் காலத்தில் வயலில் இறங்குபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்து தருவார்கள். கண்ணாடி விரியன் என்னும் புடையன் தீண்டினாலும் முதலில் அடிபடுவதில் சிறுநீரகமும் ஒன்று. டெங்கு வந்தாலும் இதே எச்சரிக்கைதான். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,101 பேர் டெங்குக் காய்ச்சலாகப் பதிவானார்கள். காய்ச்சல் குறைந்த பிறகுதான் ஆபத்துக் காலம். ஆறு மணித்தியாலம் சலம் போகவில்லையென்றால் உடனே வார்டில் சேர்க்க வேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு நோவுக் குளிசை கொடுக்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. தலையிடி, கண் மங்கல், முகம் கை கால் வீக்கம் இவற்றோடு சலம் குறைந்தால் அது பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைப்பேற்றில் இரத்தம் அதிகம் போனவர்களையும் கவனியுங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து, ஆறு மணித்தியாலமாகத் துணி நனையாமல், உச்சிக்குழி உள்வாங்கி, அழும்போது கண்ணீரும் வராவிட்டால் அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நம் பெண்கள் இதைப் பேச ஏன் வெட்கப்படுகிறோம்? கலியாண வீட்டிலும் கொழும்பு பஸ்ஸிலும் ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீரே குடிக்காமல் காய்ந்து கிடக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகளும் அப்படியே பழகுகிறார்கள். ஆனால் மார்க்கம் இதைப் பேச வெட்கப்படவில்லை. மத்ரஸாவில் நாம் ஓதிய கிதாபின் முதல் பாடமே சுத்தம் பற்றியதுதான். மார்க்கத்தைக் கேட்டறிய நாணம் தடையாக இராத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி அவர்கள் புகழ்ந்ததாக ஹதீஸ் இருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா, தமது கானூன் என்ற மருத்துவ நூலில் சலத்தின் நிறம், அளவு பார்த்து நோய் அறிவதற்கென்றே தனிப் பகுதி எழுதினார். வெட்கத்தை யார் நமக்குச் சொல்லித் தந்தார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த வருட ரமழானில் உம்மா நோன்பு பிடிக்கக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் நோன்பன்று காலையில் தண்ணீர்க் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உம்மா தேம்பித் தேம்பி அழுதார். எங்கள் பள்ளி மௌலவி வந்து, சூரதுல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகையை விளக்கினார். தீராத நோயுள்ளவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும் என்றார். பிறகுதான் உம்மா அந்தத் தண்ணீரைக் குடித்தார். ஃபித்யாவுக்கான அரிசியைத் தினமும் காலையில் தம் கையாலேயே அளந்து வைத்தார். முப்பது நாளும் அந்த அரிசி அளக்கும் சத்தத்தில்தான் நான் விழித்தேன்.

இப்போது உம்மாவிடம் பழைய கூச்சமில்லை. யாராவது காய்ச்சல், வயிற்றோட்டம் என்று வந்து சொன்னால், "என்ன சாப்பிட்ட?" என்று கேட்பதற்கு முன் "சலம் போனியா புள்ள? என்ன நிறம்?" என்று கேட்கிறார். இளம்பெண்கள் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டாவது பதில் சொல்கிறார்கள்.

ஐந்து வக்துக்கும் அவர் புதிதாக வுளூ எடுக்க வேண்டியிருக்கிறது. "இந்தக் கிழவிக்கு வுளூ நிக்குதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்கு நடப்பார். அடுப்படியில் நின்று அந்த வாளிச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொள்கிறேன்.